கோடிங் தெரியாமல் வெப்சைட்: உங்கள் கேள்விகளில் சில

கோடிங் சுத்தமாகத் தெரியாது. விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா?

மாதம் எத்தனை மணி நேரம் தளத்துக்கு ஒதுக்க முடியும் என்று முதலில் யோசியுங்கள், பதில் அதில்தான் இருக்கிறது. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் மாதிரி சேவைகளில் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்), பாதுகாப்பு, அப்டேட் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். படத்தையும் எழுத்தையும் இழுத்து வைத்தால் நாலைந்து பக்கத் தளம் இரண்டு நாளில் தயார். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடியாது. வேர்ட்பிரஸ் 2003-இல் வந்த இலவச மென்பொருள், எந்த ஹோஸ்டிங்கிலும் போடலாம், பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம். பதிலுக்கு பேக்கப், பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்) அப்டேட் எல்லாம் உங்கள் தலையில் வரும், அதில் அசட்டையாக இருந்தால் பழைய பிளகின் வழியாக யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். ஒரு குழப்பம்: வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது அந்த மென்பொருள், வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதை வைத்து நடத்தப்படும் ஹோஸ்டிங் சேவை.

மாதம் ஒரு மணி நேரம்கூட முடியாது என்றால் விக்ஸ் வகையே போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எதில் கட்டினாலும் டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) மட்டும் உங்கள் பெயரில் வாங்குங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியே பதில்.

தெரிந்தவர் ஒருவர் தளம் செய்து கொடுத்தார், டொமைனும் அவரே வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. தளம் போனால் மறுபடி கட்டிக்கொள்ளலாம், டொமைன் போனால் அதில் இருக்கும் ஈமெயில், பில்லில் அச்சடித்த முகவரி, கூகுளில் இத்தனை நாள் சேர்த்த பெயர் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

பதறாமல் முதலில் ஐகேன் (டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு) நடத்தும் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தேடுங்கள். எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பது தெரியும் (உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள்). அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு மெயில் எழுதுங்கள், கோபமாக வேண்டாம். பாக்கிப் பணம் ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள், பல சமயம் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனத்தில் நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, டொமைனை அந்தக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்வதுதான் இருப்பதிலேயே சுலபமான வழி.

அவர் மசியவில்லை என்றால், பதிவில் உரிமையாளராக யார் பெயர் இருக்கிறது என்பதுதான் எல்லாமே. உங்கள் பெயர் இருந்தால் நேரடியாக அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்; டாட் காம் போன்றவற்றில், உரிமையாளர் கேட்டால் வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ஆத் கோடை (ரகசியக் குறியீட்டை) 5 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது ஐகேன் விதி. அவர் பெயரே இருந்தால், சொல்லவே வருத்தமாக இருக்கிறது, அவர் சம்மதிக்காமல் அந்த நிறுவனம் எதுவும் செய்யாது. அப்போது காலாவதி வரைக்கும் காத்திருக்காமல் இன்றே புதுப் பெயர் ஒன்றை வாங்கி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தொடங்குங்கள்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இருக்கிறதே, தனியாகத் தளம் எதற்கு?

ப்ரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழில் விவரத்தைக் காட்டுவது) கட்டாயம் வேண்டும், விடாதீர்கள். ஆனால் அதற்குள்ளேயே இலவசத் தளம் செய்துகொள்ளும் வசதியை ஒரு காலத்தில் கூகுள் தந்தது, 2024 மார்ச்சில் அத்தனையையும் மூடிவிட்டது. அதை நம்பி விளம்பரம் அச்சடித்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பக்கமாக இருந்தாலும் சரி, சொந்த டொமைனில் இருக்கட்டும்.

போனில் தளம் திறக்க ரொம்ப நேரம் ஆகிறது.

படங்கள்தான் காரணமாக இருக்கும். போன் கேமராவில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல எம்பி வரும், அதை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். அகலம் 1600 பிக்சலுக்குக் குறைத்து, ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் வெப்பி (WebP) என்ற, அளவு குறைவான பட வடிவத்துக்கு மாற்றிப் போடுங்கள். முகப்பில் ஓடும் ஸ்லைடரையும் எடுத்துவிடுங்கள், மூன்றாவது படம் வரை யாரும் காத்திருப்பதில்லை.

பழைய நோட்டீஸிலிருந்து தமிழை காப்பி செய்து போட்டால் ஏதோ ஆங்கில எழுத்துகளாக வருகிறது.

அது பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அந்த நோட்டீஸையே படமாகப் போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்: போனில் படிக்கவும் முடியாது, கூகுள் தேடலுக்கும் சரியாகக் கைகொடுக்காது.

வேர்ட்பிரஸ் தளம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, பெயரைத் தேடினாலும் கூகுளில் வரவில்லை.

செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். தளம் தயாராகும் வரை அதை டிக் செய்து வைப்பார்கள், அப்புறம் எடுக்க மறந்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கருவி) தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியலை) கொடுங்கள், இலவசம்தான். சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அந்தக் கணக்கையும் உங்கள் சொந்த மெயிலிலேயே தொடங்குங்கள், தளம் செய்து கொடுத்தவருடைய மெயிலில் வேண்டாம்.