பானையை உடை, படகை மூழ்கடி

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் பேச வந்தவர், 'பானையை உடை, படகை மூழ்கடி' என்றொரு சீனப் பழமொழியைச் சொல்லி, ஜெயிக்க அதுதான் வழி என்றார். யாராவது அப்படிச் செய்தார்களா? சீனர்களின் இந்தத் தொடர்களும் நம் பழமொழிகளும் ஒன்றுதானா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செய்ததாகப் பண்டைச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் தன் 'ஷிஜி' நூலில் எழுதியிருக்கிறார். கி.மு. 207. சின் பேரரசின் படை ஜூலு நகரை முற்றுகையிட்டிருக்கிறது. சூ நாட்டுப் படைத்தலைவன் ஷியாங் யுவுக்கு அப்போது சுமார் 25 வயது. ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடிக்கிறான், பானைகளை உடைக்கிறான், குடில்களைக் கொளுத்துகிறான். ஆளுக்கு மூன்று நாள் சாப்பாடுதான் மிச்சம், திரும்பிப் போக வழியில்லை. மூலத்தில் பானையோடு, அதன்மேல் வைத்து ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்தையும் உடைக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த விவரம் அது. ஆனால் தொடருக்குள் அதற்கு இடமில்லை, குடிலுக்கும் இல்லை. நான்கே எழுத்தில் அடங்க வேண்டுமே! 'போ ஃபூ சென் சோ': உடை, பானை, மூழ்கடி, படகு.

இவற்றுக்கு செங்யு என்று பெயர். பெரும்பாலும் நான்கெழுத்துதான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதற்குக் கதை தேவையில்லை, கேட்டவுடன் புரியும். செங்யு பலவும் நம் 'இலவு காத்த கிளி' மாதிரி. கதை தெரியாதவருக்கு அது வெறும் கிளி. ஆனால் அங்கே பல தொடர்களில் கிளி இருக்கும் இடத்தில் பெயரும் ஊரும் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஜூலுவுக்கு உதவ வந்த மற்ற நாட்டுப் படைகள் பத்துக்கும் மேற்பட்ட பாசறைகளில் இருந்தன. ஷியாங் யு மோதியபோது அவற்றின் தளபதிகள் மதில்மேல் நின்று பார்த்தார்களாம். 'மதில்மேல் நின்று பார்த்தல்' என்பதும் இன்று ஒரு செங்யு. கண்ணெதிரே ஒருவன் போராடும்போது ஒதுங்கி நிற்பவர்களைச் சொல்வது.

ஜூலுவில் ஷியாங் யு ஜெயித்தான். உங்கள் பேச்சாளர் இதோடு நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். ஐந்தே ஆண்டுகளில், கி.மு. 202-இல், அதே ஷியாங் யுவை காய்ஷியா என்ற இடத்தில், சின் வீழ்ந்தபின் அவனோடு ஆட்சிக்குப் போட்டியிட்ட லியூ பாங்கின் ஹான் படை வளைத்துக்கொண்டது. இரவில் நாலா பக்கமும் பாட்டுச் சத்தம். எல்லாம் அவனுடைய சொந்த ஊர்ப் பாட்டு. 'சூ நாட்டை ஹான் பிடித்தேவிட்டதா? இத்தனை சூ ஆட்கள் அங்கே எப்படி?' என்று திடுக்கிடுகிறான். 'நாற்புறமும் சூ பாடல்' என்ற செங்யு அங்கிருந்து வந்தது. எல்லாப் பக்கமும் எதிரி, உதவிக்கு ஆளில்லை என்ற நிலைக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எஞ்சிய சில வீரர்களோடு தப்பி வூ ஆற்றங்கரைக்கு வருகிறான். அந்த ஊர் அதிகாரி ஒருவர் படகோடு காத்திருக்கிறார். 'இங்கே என்னிடம் மட்டும்தான் படகு இருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள், எதிரியால் கடக்க முடியாது' என்கிறார். ஷியாங் யு சிரித்தானாம். ஆற்றுக்கு அப்பாலிருந்து தன்னோடு வந்த 8,000 இளைஞர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, அவர்களைப் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டான். ஐந்தாண்டு ஓட்டிய குதிரையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, வாளோடு எதிரிகளை நோக்கி நடந்தான்.