ஒரே ஆள் இருக்கிற இடம் ஊராகுமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல, ஒரே ஒரு அம்மா மட்டும் இருக்கிற மோனோவிங்கிற ஊர் பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். ஊர் போர்டுலயே மக்கள்தொகை 1னு போட்டிருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஆனா 2020 சென்சஸ்ல 2னு வருதே, எது சரி? இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க, ஒருத்தர் மட்டும் இருக்கிற இடத்த ஊர்னு சொல்றதே டூரிஸ்ட் வரணும்னு பண்ற வேலையோன்னு எனக்கு தோணுது. அந்த அம்மாவுக்கு அப்புறம் மேப்ல இருந்தே எடுத்துடுவாங்கல்ல? வேலை விஷயமா அதே மாநிலத்துல இருக்கிற பெரிய நகரமான ஒமாஹாவுக்கு வந்திருக்கேன், ஆறு மாசம் இருப்பேன். அவ்வளவு தூரம் போய் பாக்க அங்க என்னதான் இருக்கு?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

கோவமெல்லாம் இல்ல, ஆனா அந்த டூரிஸ்ட் வரி கொஞ்சம் வலிச்சுது, அதனாலதான் இவ்வளவு நீளமா பதில் எழுதுறேன்.

முதல்ல நம்பர். அந்த 2ல இருக்கிற ரெண்டாவது ஆள் அங்க கிடையாது. கணக்கெடுத்தவங்க தப்பா எண்ணிட்டாங்கன்னு நினைக்காதீங்க, சென்சஸ் ஆபீஸே தெரிஞ்சுதான் அப்படி வெளியிட்டுச்சு. அமெரிக்கால ஒரு மனுஷன் சென்சஸ்ல குடுக்கிற சொந்த விவரத்த 72 வருஷத்துக்கு வெளிய விட மாட்டாங்க, 1950ல எழுதின படிவமெல்லாம் 2022லதான் எல்லாரும் பாக்கிற மாதிரி வந்துச்சு. இப்ப யோசிச்சு பாருங்க, ஒரே ஒருத்தர் இருக்கிற ஊருக்கு வயசு, இனம், வீடு சொந்தமா வாடகையான்னு டேபிள் போட்டா அது ஊரோட கணக்கா இருக்காது, அந்த ஒரு அம்மாவோட ஜாதகமா ஆயிடும். அதனால 2020ல சின்னச் சின்ன இடங்களோட எண்ணிக்கையில வேணும்னே கொஞ்சம் கூட்டியும் கொறச்சும் போட்டாங்க, மாநில மொத்தத்துல மட்டும் கை வைக்கல. ஒமாஹால நாலு பேர் கூடுனா கொறஞ்சா யாருக்கு தெரியப்போகுது, மோனோவில ஒண்ணு கூடுனா ஊரே டபுளாயிடுது. 2010 சென்சஸ்ல இந்த முறை இல்ல, அதுல 1னுதான் இருக்கு. 2000ல 2, அது நெசமான 2, இப்ப தனியா இருக்கிற அந்த அம்மா எல்சி ஐலரும் அவங்க வீட்டுக்காரர் ரூடியும். 2004ல ரூடி தவறிட்டாரு.

இனி ஊரா இல்லையாங்கிற கேள்வி. அமெரிக்கால ஊருங்கிறது வீடு நெறைய இருக்கிறதால வர்றதில்ல, மாநில சட்டப்படி பதிவாகி தனக்குன்னு எல்லை, வரி, நிர்வாகம்னு வச்சிருக்கணும். மோனோவிக்கு அது இருக்கு, மொத்த பரப்பு அரை சதுர கிலோமீட்டர் சொச்சம். அந்த எல்லைக்குள்ள எல்சி ஐலர்தான் மேயர், கிளார்க், பொருளாளர், லைப்ரரி பாக்குறவங்க, பார் நடத்துறவங்க. நாலு தெருவிளக்கு எரியணும்னா மாநிலத்துகிட்ட பணம் வாங்கணும், அதுக்கு வருஷா வருஷம் ரோடு திட்டம் ஒண்ணு எழுதி அனுப்பணும், அத அவங்கதான் எழுதுறாங்க, தனக்குத்தானே வரி போட்டு தானே கட்டுறாங்க. அந்த பேப்பர் வேலைய ஒரு வருஷம் விட்டா யாரும் வந்து அடிக்கப் போறதில்ல. ஆனா விடல பாருங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

மேப் பத்தி கேட்டீங்க. பதிவு போனாலும் பேரு மேப்ல கிடக்கும், அந்த மாதிரி ஊருங்க அமெரிக்கால எத்தனையோ இருக்கு, நிர்வாகம் மட்டும் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கைக்கு போயிடும்.

ஏன் இப்படி ஆச்சுங்கிறதுக்கு நிலத்த பாக்கணும். மோனோவி நெப்ராஸ்காவோட வடக்கு ஓரத்துல, பாய்ட் கவுன்ட்டில, தெற்க நையோப்ரரா ஆறு, வடகிழக்க மிசௌரி ஆறு, நடுவுல புல் மேடா ஏறி ஏறி இறங்குற பூமி. 1902ல ரயில் வந்துச்சு, ரயிலோட ஊரும் வந்துச்சு. அந்தக் காலத்துல ரயில் கம்பெனிங்க கொஞ்ச மைலுக்கு ஒண்ணுன்னு ஸ்டேஷன் போட்டதுக்கு காரணமே குதிரை வண்டிதான், விவசாயி காலைல தானியத்த ஏத்திட்டு வந்து வித்துட்டு, சாமான் வாங்கிட்டு பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பணும். நிலமும் அப்படித்தான், குடியேறி விவசாயம் பண்றவங்களுக்கு அரசாங்கம் நிலம் குடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்துல ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைலுக்கு நாலு குடும்பம். நாலு குடும்பம்னா பள்ளிக்கூடத்துக்கு பிள்ளைங்க வரும், மளிகைக் கடைக்கு ஆள் வரும், சர்ச்சுக்கு கூட்டம் வரும். 1930ல மோனோவில 123 பேர் இருந்தாங்க.

அப்புறம் டிராக்டர் வந்துச்சு, லாரி வந்துச்சு, ரோடு நல்லாச்சு. இன்னிக்கு நெப்ராஸ்கால ஒரு பண்ணையோட சராசரியே ஆயிரம் ஏக்கர் பக்கம். நிலத்துல விளைச்சல் கொறையல தம்பி, ஆள்தான் தேவைப்படல. ஊர் அழிஞ்சுதுன்னு கேட்டதும் நமக்கு மழை பொய்ச்சுது, பஞ்சம் வந்துதுன்னுதான் தோணும், இங்க விவசாயம் நல்லா நடந்துக்கிட்டே ஊர் காலியாயிருக்கு. 1967ல இருந்து 1970க்குள்ள போஸ்ட் ஆபீஸும் மிச்சமிருந்த மளிகைக் கடைங்களும் மூடிட்டாங்க, 1974ல பள்ளிக்கூடம். இது ஒரு ஊரோட கதையும் இல்ல, மொத்த பாய்ட் கவுன்ட்டியே 2010ல 2,099 பேர், 2020ல 1,810, பரப்பளவு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். அதே கவுன்ட்டில கிராஸ்னு இன்னொரு ஊர், 2010ல அங்க ரெண்டே பேர்.

சரி, அங்க என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல.

நான் ஒமாஹால இருந்தப்ப ஒரு சனிக்கிழமை போனேன், கார்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம், கடைசியில 12ஆம் நம்பர் ஹைவே. பச்சை போர்டுல பேரும் 1ம் இருந்துச்சு. ரோட்டோரமா பாதி சாஞ்ச மர வீடு ஒண்ணு, ஜன்னல் வழியா உள்ள இருந்து செடி வெளிய எட்டிப் பாக்குது. எல்லாம் செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்சி நடத்துற பாரு, மோனோவி டேவர்ன், அதோட கதவத் தெறந்தேன், உள்ள ஒன்பது பேரு. தொப்பிய மேசை மேல கவுத்து வச்சுட்டு மழையப் பத்தியும் மாட்டு விலையப் பத்தியும் பேசிட்டிருந்தாங்க. ஒரு பெரியவரு எழுந்து கவுண்டருக்கு உள்ளயே போயி காபி ஜக்க எடுத்து தனக்கு ஊத்திக்கிட்டு, யாருன்னே தெரியாத என் கப்புலயும் ஊத்திட்டு போனாரு. அவரு நாப்பது மைல் தள்ளி இருந்து வர்றாராம், வாரத்துல ரெண்டு நாளாவது வந்துடுவாராம். சென்சஸ்ல கேக்குறது நீங்க பெரும்பாலும் எங்க தங்கித் தூங்குறீங்கன்னுதான். இந்த ஒன்பது பேரும் வேற எங்கயோ தூங்குறவங்க, அதனால கணக்குல வரல. ஆனா அவங்களோட ஊர் எதுன்னு கேட்டா நான் மோனோவின்னுதான் சொல்லுவேன். 1971ல எல்சியும் ரூடியும் சேர்ந்து நடத்த ஆரம்பிச்ச கடை அது. அத டூரிஸ்ட்டுக்காகன்னு நீங்க எழுதவும்தான் எனக்கு மனசு கேக்கல.

கடைக்கு பக்கத்துல சின்ன ஷெட் மாதிரி ஒரு கட்டடம், ரூடி லைப்ரரி. மனுஷன் சேத்து வச்ச புத்தகம் மட்டும் சுமார் 5,000, ஒரு லைப்ரரி வைக்கணும்னு ஆசைப்பட்டு அது நடக்குறதுக்குள்ள போயிட்டாரு, அந்தம்மா பின்னாடி கட்டி முடிச்சாங்க. உள்ள காவலும் கிடையாது ஒண்ணும் கிடையாது, எடுத்துட்டு போயி படிச்சுட்டு கொண்டாந்து வைக்கணும், அவ்வளவுதான். நான் ஒரு புத்தகத்த எடுத்து பிரிச்சேன், ஓரத்துல பென்சில்ல கோடு போட்டிருந்துச்சு. ரூடி போட்டதா, எடுத்துட்டுப் போன யாரோ போட்டதான்னு தெரியல, ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஆறு மாசம் இருக்கீங்கன்னா ஒரு தடவ போயிட்டு வாங்க தம்பி. திங்கக்கிழமை கடை லீவுன்னு அப்ப சொன்னாங்க, எதுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. குளிர்காலத்துல அந்த ரோட்டுல பனி கொட்டும், அக்டோபருக்குள்ள போறது நல்லது. கார்ல பெட்ரோல் ஃபுல்லா போட்டுக்கோங்க. லைப்ரரில புத்தகம் எடுத்தீங்கன்னா, திருப்பிக் குடுக்க இன்னொரு தடவ போகணும்.

அன்புடன்,
அண்ணன்