இலவசமாகக் கிடைக்கும் கால்

வணக்கம் ஐயா,

கண்ணிவெடி அகற்றும் பணியைப் பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். ஒரு ஆள் நாள் முழுக்க மண்டியிட்டு வேலை பார்த்தாலும் சில சதுர மீட்டர்தான் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். ட்ரோன், ரோபோ, செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்ட காலத்தில் இன்னும் ஏன் மனிதனை மண் சுரண்ட விடுகிறார்கள்? பெரிய இயந்திரத்தை ஓட்டிவிட்டால் ஒரே வாரத்தில் முடியாதா? பாதிக்கப்பட்டவர்கள் விஷயமாவது தீர்ந்துவிட்டது. ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் இலவசமாகவே கிடைக்கிறது. பாக்கி இருப்பது வெடி எடுக்கும் வேலைதான். அதை விரைவுபடுத்த நம்மைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

பி.கு.: மிதிவெடி மேல் வைத்த காலை எடுக்காதவரை அது வெடிக்காது என்கிறார்களே, உண்மையா?

—

அன்புள்ள நண்பருக்கு,

பின்குறிப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அது சினிமா. பரவலாகப் புதைக்கப்பட்ட மிதிவெடிகள் எடை ஏறிய கணத்திலேயே வெடிப்பவை. நின்று வசனம் பேச அவகாசம் கிடையாது.

ட்ரோன் நல்ல கருவிதான். எங்கே தேட வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவெடுக்க உதவும். தோண்டாது. இயந்திரமும் இருக்கிறது, சுழலும் சங்கிலிகளால் மண்ணை அடித்துக்கொண்டே போகும். நாள்பட்ட வெடிகள் அந்த அடியில் வெடிக்காமல் உடைந்து சிதறுவதுண்டு. வெடியைத் தூண்டிவிடும் டெட்டனேட்டர் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். சரிவிலும் பாறையிலும் மரங்களுக்கு நடுவிலும் இயந்திரம் போகாது. ஆகவே அதன் பின்னாலும் உலோகத்தைக் கண்டால் ஒலிக்கும் டிடெக்டரோடு ஒரு ஆள் போயாக வேண்டும். சில பிளாஸ்டிக் வெடிகளில் இருக்கும் உலோகம் ஒரு சின்ன ஊசியளவுதான். அதைப் பிடிக்கிற மாதிரி டிடெக்டரைக் கூட்டி வைத்தால் ஆணி, பாட்டில் மூடி, ஷெல் சில்லு எல்லாமே கத்தும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சாண் தள்ளித் தோண்டத் தொடங்கி, பக்கவாட்டில் நெருங்க வேண்டும். குத்துக் கருவியைச் சுமார் 30 பாகை சாய்வில் செலுத்துவார்கள், அது வெடியின் தலையில் படாமல் விலாவில் பட வேண்டும் என்பதற்காக. நூறு முறை ஆணி வந்தது என்று நூற்றியோராவது முறை அவசரப்பட முடியாது. நேரம் அங்கேதான் போகிறது.

இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு வரி. “பாதிக்கப்பட்டவர்கள் விஷயமாவது தீர்ந்துவிட்டது.” எப்படி ஐயா இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறது? கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. மேடையில் கால்களை வரிசையாக அடுக்கிவைத்து, எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் சொல்லிக் கைதட்டு வாங்கும் எல்லா விழாக்கள் மேலும்தான். சைக்கிள் கொடுப்பதுபோல் கால் கொடுக்க முடியாது.

ஜெய்ப்பூர் கால் பெரிய விஷயம், மறுக்கவில்லை. 1960களின் இறுதியில் சிற்பக் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், தண்ணீரில் இறங்கலாம். ஆனால் அது பாதம். காலை இழந்தவரின் அன்றாட வலி பாதத்தில் இல்லை. அதற்கு மேலே, சாக்கெட்டில் இருக்கிறது. எஞ்சிய கால் உட்காரும் அந்தக் கிண்ணத்தில்.

முதல் நாளிலிருந்து பாருங்கள். வெடி காலைப் பிய்ப்பதோடு விடுவதில்லை. மண், புல், செருப்புத் துண்டு, பாதத்தின் எலும்பு எல்லாவற்றையும் தசைகளுக்கு நடுவே மேலே ஏற்றிவிடுகிறது. அதனால் காயத்தை அகலத் திறந்து சுத்தம் செய்து, தைக்காமல் விட்டு, ஐந்து நாள் வாக்கில்தான் மூட வேண்டும். அவசரப்பட்டு அன்றே தைத்தால் சீழ் பிடிக்கும். மறுபடி வெட்ட வேண்டும், இன்னும் மேலே. அப்படி முழங்கால் போய்விட்டால் நடையே வேறு, அதற்கான மூச்சே வேறு.

ஆறியபின் கட்டு. இலாஸ்டிக் துணியை எட்டு வடிவில் சுற்ற வேண்டும்; நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. மாற்றிச் சுற்றினால் நுனி குமிழ்போல் உப்பி, எந்தச் சாக்கெட்டிலும் ஏறாது. வீட்டில் பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். சில வாரங்களில் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். அந்தத் தாயிடம் தலையணையை எடுக்கச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் எந்த விழாப் புகைப்படத்திலும் இருப்பதில்லை.

பிறகு மாவுக்கட்டில் அச்செடுப்பது. முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் எடை தாங்கும். அச்சில் அந்த இடத்தைச் செதுக்குவார்கள். காலின் வெளிப்புறம் துருத்தும் எலும்பு முனை தாங்காது. அங்கே மாவு கூட்டுவார்கள். இதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அதன்மேல் 180 டிகிரியில் இளக்கிய பாலிபுரோப்பிலீன் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி இழுத்தால் சாக்கெட்.

முடிந்ததா? முதல் வருடம் முழுக்க ஸ்டம்ப், அதாவது எஞ்சிய கால், வற்றிக்கொண்டே போகும். சாக்கெட் அப்படியே இருக்கும். தொளதொளத்தால் ஸ்டம்பின் மேல் துணியுறை ஒன்று கூடுதலாகப் போட வேண்டும், பிறகு இன்னொன்று. உறைகள் ரொம்பத் தடித்துவிட்டால் சாக்கெட்டே புதிது வேண்டும். ஸ்டம்பைக் காலையில் கழுவாமல் இரவில் கழுவ வேண்டும், ஈரத்தோல் உரசிப் புண்ணாகும் என்பதால். கழற்றியதும் கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டும். பட்டறை எங்கே? மேடை போட்டவர்கள் அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள். கால் கதவு மூலையில் சாத்தி நிற்கிறது. அவர் கம்பை ஊன்றி நடக்கிறார். ஆனால் ஆண்டறிக்கையில் அவர் “பயனாளி”.

பிள்ளைகள் என்றால் இன்னும் கஷ்டம். உள்ளே எலும்பு தோலைவிட வேகமாக வளரும். சில சமயம் நுனியைக் குத்திக்கொண்டு வரும், மறுபடி அறுவை. கால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம். பத்து வயதுப் பையனுக்குக் கணக்குப் போடுங்கள்: பதினெட்டு வரை பதினாறு கால், அறுபது வரை இன்னும் பத்து. விழாவில் கொடுத்தது அதில் முதலாவது.

மிதிவெடிகளைத் தடை செய்த 1997 ஒட்டாவா ஒப்பந்தத்தில் கையிருப்பை அழிக்க நான்கு ஆண்டு, நிலத்தைச் சுத்தம் செய்ய பத்து ஆண்டு, தேவைப்பட்டால் நீட்டிப்பு என்று கெடு உண்டு. பிழைத்தவர்களுக்கு உதவுவது பற்றிய பிரிவில் தேதி எதுவும் இல்லை. மொசாம்பிக் 2015இல் கண்ணிவெடி அற்ற நாடாக அறிவித்துக்கொண்டது. மகிழ்ச்சிதான். அன்றைக்கு யாருக்கும் கால் முளைத்துவிடவில்லை.

எனவே நன்கொடை கொடுக்கும்போது எத்தனை கால் கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். மூன்று வருடம் முன்பு வாங்கியவர்களில் எத்தனை பேர் பழுது பார்க்கத் திரும்பி வந்தார்கள், அவர்களுடைய பஸ் செலவை யார் கொடுத்தார்கள், டெக்னீஷியனுக்கு மாதச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது வெடி அகற்றலை விரைவுபடுத்துவது பற்றி, இல்லையா? சர்வே வேலைக்குக் கொடுங்கள். சந்தேகத்தில் வேலி போட்ட நிலத்தில் பெரும்பகுதியில் வெடியே இருக்காது; ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசி அதைப் பிரித்தெடுத்தாலே பாதி வேலை குறையும்.