கேள்வி எங்கள் பேட்டையிலிருந்து: எந்த ஊருக்கு அணி?

கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களுக்கும் தேசிய லீக் அணிகள் வேண்டும் என்று பேசுகிறார்கள். சென்னைக்குள்ளேயே இருந்தும் எங்கள் பகுதிக்கு அப்படிப்பட்ட அணியால் பெரிதாக எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அணி வந்தால் ஓர் ஊருக்கு உண்மையில் என்னதான் கிடைக்கும்?
*– வாசகர், வியாசர்பாடி*

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி 2014 முதல் நேரு விளையாட்டரங்கில் ஆடிவருகிறது. 2015-லும் 2017–18 பருவத்திலும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றது. அந்த அரங்கிலிருந்து வியாசர்பாடி சில கிலோமீட்டர் தொலைவுதான். உங்கள் பகுதியைச் சேர்ந்த தனபால் கணேஷ் அந்த அணியின் நடுக்களத்தில் ஆடினார் என்பதில் நம் எல்லோருக்கும் பெருமை உண்டு. ஆனால், அவரை ஆட்டக்காரராக்கிய வேலை அந்த அணி பிறப்பதற்கு முன்பே மண் தரையில் நடந்து முடிந்துவிட்டது. அணி, விளைந்ததை வாங்கிக்கொள்ளும். விதைப்பது பெரும்பாலும் வேறு யாரோ.

இதற்கு மாறான ஊர் ஜம்ஷெட்பூர். டாடா கால்பந்துப் பயிற்சிப் பள்ளி அங்கே 1987-இல் தொடங்கியது, ஐ.எஸ்.எல். அணி வந்ததோ 2017-இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பயிற்சியாளர்கள், புல்தரை, விடுதி, ஆட்டத்தைப் புரிந்து பார்க்கும் கூட்டம் என்று எல்லாம் சேர்ந்திருந்தன. செலவைத் தாங்க ஓர் எஃகு நிறுவனமும் இருந்தது. ஆகவே, மதுரைக்கோ நெல்லைக்கோ அணி கேட்பவர்கள், இரவு விளக்குடன் கூடிய புல்தரை மைதானத்தையும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி தரும் பள்ளியையும் முதலில் கேட்கட்டும் என்பதே என் கருத்து. அணி கலைந்துபோனாலும் அவை ஊரில் நிற்கும். கலைந்துபோவது கற்பனையன்று: 2011-இல் ஐ.பி.எல்.-லில் சேர்ந்த கொச்சி அணி ஒரே பருவம் ஆடியது. வங்கி உத்தரவாதம் தொடர்பான சிக்கலில் அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

சென்னை சிட்டி அணி கோவையில் ஆடியது ஏன் பாராட்டப்பட்டது? பெயர் ஒன்று, ஊர் ஒன்றாக இருந்ததே?
*– வாசகி, ராயபுரம்*

பெயர்தான் சற்று வேடிக்கை. சென்னை என்ற பெயரைச் சுமந்துகொண்டு, கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாக்கி, அந்த அணி ஐ-லீக் என்ற மற்றொரு தேசியக் கால்பந்துத் தொடரின் 2018–19 கோப்பையை வென்றது. தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் ஆட்டம் ஒன்றை ஒரு மாவட்டத் தலைநகரின் மக்கள் நேரில் கண்டார்கள் என்பது சிறிய செய்தியன்று. ஆயினும், சில ஆண்டுகளுக்குள் அந்த அணி லீக்கிலேயே இல்லாமல் போனது. கோவைக்காரர்கள் கைதட்டிய அளவுக்கு அந்த அணி அவர்களுடையதாக ஆகவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சிறிய ஊரின் திறமை போதாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மிசோரத்தின் ஐசால் அணி 2016–17 ஐ-லீக்கை வென்று, கொல்கத்தா, பெங்களூர் அணிகளைப் பின்னுக்குத் தள்ளியது. ஆனாலும், அடுத்த பருவத்தில் ஐ.எஸ்.எல். இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தபோது ஐசாலுக்கு இடம் கிடைக்கவில்லை; அப்போது நுழைவு ஆட்டத் தகுதியால் அமையவில்லை. ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.-லுக்கு ஏறும் வழி 2023-இல் பஞ்சாப் அணிக்குத்தான் முதன்முதலில் திறந்தது.

ஐ.பி.எல். அணி மதுரைக்கு வருமா?
*– வாசகர், கொருக்குப்பேட்டை*

புதிய அணி அண்மையில் வருவதற்கான அறிகுறி எனக்குத் தென்படவில்லை. 2022-இல் சேர்ந்த லக்னோ அணிக்கு உரிமையாளர் கொடுத்த விலை 7,090 கோடி ரூபாய். அந்தப் பணம் நுழைவுச்சீட்டில் திரும்பாது, ஒளிபரப்பு உரிமையின் பங்கில்தான் திரும்பும் என்பதால், ஊரில் எத்தனை பேர் ஆட்டத்தை நேசிக்கிறார்கள் என்ற கணக்கு அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. எளிய வழி வேறு ஒன்று உண்டு. பஞ்சாப் அணி தர்மசாலாவிலும், ராஜஸ்தான் அணி கௌகாத்தியிலும், டெல்லி அணி விசாகப்பட்டினத்திலும் தங்கள் சொந்த ஆட்டங்களில் சிலவற்றை ஆடியிருக்கின்றன. அப்படி ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்களை மதுரை கேட்கலாம்.

திருவொற்றியூரிலிருந்து நேரு அரங்கத்துக்கு இரவு ஆட்டம் பார்க்கப் போக அஞ்சுகிறேன். திரும்பி வர வசதி உண்டா?
*– வாசகி, திருவொற்றியூர்*

உண்டு, அம்மா. 2021 முதல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. சென்ட்ரலில் ஏறினால் வண்டி மாறாமல் தேரடியில் இறங்கலாம்; இரவு பதினொரு மணியளவில் கடைசி வண்டிகள் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிறிய ஊர்களில் இரவு ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்கள் குறைவாக இருப்பதற்கு இந்த ஒரு வசதி இல்லாததும் காரணம். ஆகவே, அவர்களுக்கும் சேர்த்து நீங்கள் போய் வாருங்கள்.