கோதுமை பீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா?

கேள்வி: மிச்சிகன் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆபீஸ் நண்பர்கள் சொன்னார்களே என்று ஓபரான் என்ற கோதுமை பீர் ஒரு சிக்ஸ் பேக் வாங்கினேன். கிளாஸில் ஊற்றினால் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கிறது. கேனின் அடியில் வண்டல் வேறு. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். இதுவரை நீங்கள் குடித்த லாகர் வகை பீர்கள் பெரும்பாலும் பார்லியில் செய்து, நன்றாக வடிகட்டியவை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கோதுமையில் புரதம் அதிகம். அந்தப் புரதமும் வடிகட்டாமல் விட்ட ஈஸ்ட்டும் சேர்ந்துதான் இந்தக் கலங்கல். நுரை கெட்டியாக, வெண்மையாக நிற்பதற்கும் அதே புரதம்தான் காரணம். வண்டலாகத் தெரிவது ஈஸ்ட். பயமில்லாமல் குடிக்கலாம்.

ஓபரான் உங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு. கலமசூவை ஒட்டிய காம்ஸ்டாக்கில் பெல்ஸ் நிறுவனம் செய்கிறது. 1992-ல் சோல்சன் என்ற பெயரில் வந்தது, பெயர் பிறகு மாறியது. பனிக்காலம் முடிந்து மார்ச் கடைசியில் இது கடைக்கு வரும் நாளை மிச்சிகன்காரர்கள் பண்டிகை மாதிரி எதிர்பார்க்கிறார்கள். அதில் ஆரஞ்சுச் சாறோ மசாலாவோ கிடையாது. மூக்குக்கு எட்டும் அந்த லேசான பழ வாசனை முழுக்க ஈஸ்ட்டும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவும் கொடுப்பது. இதை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. கோதுமை, பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர், இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பழக்கூடையின் வாசனையைக் கொண்டுவருவது பெரிய கைவேலை. அதைக் கேனோடு அண்ணாந்து குடித்தால் பாதி வீண்.

சரி, எப்படிக் குடிப்பது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். பல் கூசும் குளிரில் வாசனை எழும்பாது. ஃப்ரீசரில் வைத்த கிளாஸும் வேண்டாம். கிளாஸ் சுத்தமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் தாளித்த வாணலியைத் தேய்த்த ஸ்பாஞ்சாலேயே கிளாஸையும் தேய்த்துவிடுவோம். கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணெய்ப் பசை போதும், நுரை நொடியில் அமுங்கிவிடும். கிளாஸுக்கென்று தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு மெதுவாக ஊற்றுங்கள். மிச்சத்தைக் கேனுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் உள்ள ஈஸ்ட்டைக் கலக்கி, கிளாஸை நிமிர்த்தி அதன் மேல் ஊற்றுங்கள். மங்கலான மஞ்சளின் மேல் வெள்ளை நுரை இரண்டு விரல் உயரம் ஏறும். குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள். முதலில் ஆரஞ்சுத் தோல், அப்புறம் ஈரமான ரொட்டி மாவு, கடைசியில் மிளகு மாதிரி ஒரு சின்னக் காரம். முதல் வாயை உடனே விழுங்காமல் நாக்கில் சுற்ற விடுங்கள். கோதுமையின் வழவழப்பு அங்கேதான் தெரியும். கசப்பு இருக்கும், ஆனால் தங்காது. கிளாஸ் கொஞ்சம் சூடேற ஏற வாசனை மாறிக்கொண்டே வரும். அவசரப்படாமல் குடித்தால் ஒரே கிளாஸில் இரண்டு மூன்று பீர் குடித்த மாதிரி இருக்கும்.

கேள்வி: கோதுமை பீர் என்றால் வாழைப்பழ வாசனை வரும் என்றார்கள். போர்ட்லண்டில் விட்மர் ஹெஃபவைசன் வாங்கினேன், அப்படி ஒன்றும் வரவில்லை. போலியா?

பதில்: அசல்தான். பெயர் ஒன்று, பீர் இரண்டு. ஜெர்மன் மொழியில் ஹெஃப என்றால் ஈஸ்ட், வைசன் என்றால் கோதுமை. ஜெர்மனியின் பவேரியாவில் இதற்கென்றே ஒரு ஈஸ்ட் உண்டு. அது நொதிக்கும்போது வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் தரும். நீங்கள் கேள்விப்பட்டது அந்தப் பீரை.

ஒரிகனில் விட்மர் சகோதரர்கள் 1984-ல் தொழில் தொடங்கியபோது அவர்களிடம் நொதிக்கும் தொட்டி இரண்டுதான். ஒன்றில் ஆல்ட் என்ற ஜெர்மன் வகை பீர், இன்னொன்றில் கோதுமை பீர். உள்ளூர் பப் ஒன்று மூன்றாவதாக ஒரு பீர் கேட்டது. மூன்றாவது தொட்டிக்கு எங்கே போவது? கையில் இருந்த கோதுமை பீரையே வடிகட்டாமல் கொடுத்தார்கள். 1986-ல் அப்படிப் பிறந்ததுதான் அவர்களுடைய ஹெஃபவைசன். அதில் போட்டது பவேரிய ஈஸ்ட் இல்லை, வாசனையில் அடக்கமான ஆல்ட் ஈஸ்ட். அதனால் வாழைப்பழம் இல்லாமல் தானியமும் ஹாப்ஸும் முன்னால் வந்தன. பிறகு வந்த அமெரிக்கக் கோதுமை பீர்கள் பலவும் இதே வழியில் போயின. இந்தியானாவின் த்ரீ ஃப்ளாய்ட்ஸ் செய்யும் கம்பால்ஹெட், அமரில்லோ என்ற ஹாப்ஸ் ரகத்தின் வாசனையை நம்பியே நிற்கிறது. கேன்சஸ் சிட்டியின் பூல்வார்ட் அன்ஃபில்டர்ட் வீட் இன்னும் சாது, ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

வாழைப்பழம்தான் வேண்டுமென்றால் லேபிளில் பவேரியன் ஸ்டைல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டது வேண்டுமென்றால் அது பெல்ஜிய வழி. மெய்ன் மாநிலத்தின் அலகாஷ் ஒயிட் அந்த ரகம், 1995-லிருந்து வருகிறது. அருமையான பீர்.

கேள்வி: எலுமிச்சையோ ஆரஞ்சுத் துண்டோ செருகித் தருகிறார்களே, போட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதல் பாதியைப் பழம் இல்லாமல் குடியுங்கள். ஹாப்ஸின் நுணுக்கத்தை எலுமிச்சை மூடிவிடும், தோலில் உள்ள எண்ணெய் நுரையையும் அமுக்கும். பாருக்குப் போனால் ஆர்டர் கொடுக்கும்போதே பழம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதிக்குமேல் பிழிந்துகொள்வது உங்கள் விருப்பம்.

கேள்வி: கடையில் இருபது வகை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தேதியைப் பார்த்து. பிராண்ட், விலை எல்லாம் அதற்கு அப்புறம். கோதுமை பீர் ஊறப்போட்டு வைக்கும் சரக்கு இல்லை, இட்லி மாவு மாதிரி. அதற்கென்று ஒரு பருவம், அது தாண்டினால் சுவை போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் பாதி விலை என்று போட்டிருந்த சிக்ஸ் பேக்கை யோசிக்காமல் தூக்கி வந்தேன். ஊற்றினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கேனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், அடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆறையும் சிங்க்கில் கொட்டினேன். அன்றிலிருந்து கேனின் அடியைப் பார்க்காமல் நான் எதையும் எடுப்பதில்லை.

அடைத்த தேதி போட்டிருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்குள் இருந்தால் எடுங்கள். பெஸ்ட் பை மட்டும் போட்டிருந்தால் அந்தத் தேதிக்கு வெகு முன்னதாகக் குடித்துவிடுங்கள். சிலர் மூன்று இலக்க எண் போடுவார்கள், அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 145 என்றால் மே 25. அமெரிக்காவில் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும் என்பதையும் மறக்காதீர்கள். 04/05 என்றால் ஏப்ரல் 5.

அடுத்தது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஸ்கங்க் நாற்றம் அடிக்கும். பச்சை பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் வெளிச்சத்தைத் தடுக்காது, பழுப்பு ஓரளவு தடுக்கும், கேனுக்குள் வெளிச்சம் போகவே போகாது. ஜன்னலோர அடுக்கை விட்டுவிட்டுக் குளிர்பெட்டியில் இருப்பதை எடுங்கள். பல கடைகளில் தனித்தனிக் கேனாகப் பொறுக்கிச் சிக்ஸ் பேக் கட்டிக்கொள்ளலாம். பழகும்வரை அப்படி வாங்குவதுதான் காசுக்கு நியாயம்.

கேள்வி: ப்ளூ மூன் கிராஃப்ட் பீரா?

பதில்: இல்லை. கிராஃப்ட் என்றால் சிறிய, சுதந்திரமான நிறுவனங்கள் செய்வது. ப்ளூ மூன் என்ற இந்தக் கோதுமை பீரை 1995-ல் கூர்ஸ் என்ற பெரிய நிறுவனம் கொண்டுவந்தது. இன்று மோல்சன் கூர்ஸ் வசம் இருக்கிறது. சிறு நிறுவனத்துக்குத்தான் என் காசு போக வேண்டும் என்று நினைப்பவர்கள், தலைகீழான பாட்டில் படம் போட்ட முத்திரையைத் தேடுங்கள். சுதந்திரமான நிறுவனங்களுக்கென்று ப்ரூவர்ஸ் அசோசியேஷன் என்ற அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கம் 2017-ல் கொண்டுவந்தது அது. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பீர் நிறுவனத்தை 2011-ல் ஆன்ஹைசர்-புஷ் என்ற பெரிய பீர் நிறுவனம் வாங்கியது. நம் கலமசூ பெல்ஸும் 2021-ல் கைமாறியது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் மார்ச் வந்தால் ஓபரான் வாங்கத்தான் செய்கிறேன்.

கேள்வி: நான் சைவம். பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைப் போடுவார்கள் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். ஐசிங்கிளாஸ் என்பார்கள். இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏல் வகை பீர்களில் நெடுநாள் பழக்கம். வடிகட்டாத கோதுமை பீர் கலங்கலாக இருக்க வேண்டியது என்பதால் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் செய்பவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள். வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் இருந்தால் மட்டும் இதை ஊற்றிக் கொடுக்காதீர்கள், கோதுமையும் பார்லியும் இரண்டுமே அவர்களுக்கு ஆகாது.