ஜெயித்த வழக்கில் பணத்தை வசூலிப்பது எப்படி?

கேள்வி: நாமக்கல் பக்கம் இருக்கிறேன். கூடப் படித்த நண்பருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 2018-இல் 4,00,000 ரூபாய் கொடுத்தேன். திருப்பித் தராததால் 2020-இல் வழக்குப் போட்டேன். சம்மன் வாங்கியும் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. 2022 ஆகஸ்ட்டில் எனக்குச் சாதகமாக எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது எதிர்த்தரப்பு வராமலே தரும் தீர்ப்பு, ஆனது. அதன் பிறகு ஒருமுறை 50,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினார், அவ்வளவுதான். கேட்டால், "கோர்ட்டு தானே கொடுக்கச் சொல்லிச்சு, கோர்ட்டுலயே வாங்கிக்கோ" என்கிறார். தனியார் மில்லில் சூப்பர்வைசர் வேலை, சம்பளம் 40,000 வரும். அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. இன்னொரு காலிமனையைப் போன வருடம் மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டதாகச் சொல்கிறார்கள். போலீஸில் புகார் கொடுக்கலாமா? குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஐயா, உங்கள் நண்பர் கிண்டலாகச் சொன்னதுதான் சட்டமும். கோர்ட்டிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் டிகிரி ஆகிவிட்டால் கோர்ட்டே பணத்தை வசூலித்துத் தரும் என்று பலர் காத்திருக்கிறார்கள். நிறைவேற்று மனு, அதாவது வக்கீல்கள் வாயில் இ.பி., போடாதவரை கோர்ட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்காது. இந்தியாவில் வழக்காடுபவருக்கு டிகிரி வாங்கிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது என்று, அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது.

காலக்கெடு பற்றிக் கவலை வேண்டாம். பண டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டுகள் உண்டு, உங்களுக்கு 2034 வரை இருக்கிறது. ஆனால் டிகிரி ஆகி இரண்டு ஆண்டுகள் தாண்டிவிட்டதால், முதலில் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்டுவிட்டுத்தான் கோர்ட்டு பொதுவாக மேலே போகும். அந்த இடைவெளியில் அவர் வீட்டையும் கைமாற்றிவிடலாம் என்பதுதான் என் கவலை. தாமதமானால் நிறைவேற்றமே வீணாகிவிடும் என்று காரணம் எழுதி, நோட்டீஸ் இல்லாமலே ஜப்தி உத்தரவு போடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. செட்டில்மெண்ட் எழுதிய கதையை ஆவணத்தோடு காட்டி உங்கள் வக்கீல் அதைக் கேட்கட்டும்.

போலீஸை விட்டுவிடுங்கள். டிகிரிப் பணத்தை வசூலிப்பது அவர்கள் வேலை இல்லை. "பேசி முடித்துத் தருகிறோம்" என்று வரும் ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கட்டப்பஞ்சாயத்தில் உட்கார்ந்தால், ஜெயித்த நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும்.

முதல் வேலை, அவரிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. என் அனுபவத்தில் இ.பி.க்கள் இழுபடுவதற்கு நீதிபதியைவிடப் பெரிய காரணம், சொத்து விவரம் சரியாக இல்லாத மனுக்கள்தான். சர்வே எண் தப்பு, நான்கு எல்லை தப்பு, கதவு எண் பழசு என்றால், ஜப்தி செய்யப் போகும் கோர்ட்டு ஊழியரான அமீனா போய்விட்டு வெறுங்கையோடுதான் திரும்புவார். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். வீடு, மனை இரண்டுக்கும் பாருங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். இருந்தால் அடமானம் வாங்கிய வங்கிக்குத்தான் முன்னுரிமை. 50,000 எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்று உங்கள் ஸ்டேட்மெண்டில் இருக்கும். அந்தக் கணக்கையும் ஜப்தி கேட்கலாம். இதற்கு மேலும் மறைக்கிறார் என்று தோன்றினால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21 விதி 41-இன்படி அவர் தன் சொத்துப் பட்டியலைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. நல்ல ஆயுதம், ஆனால் இதை எடுப்பவர்கள் குறைவு.

சம்பளத்துக்கு வருவோம். முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 40,000-த்தில் 1,000 போக 39,000, அதில் மூன்றில் ஒரு பங்கு 13,000. மாதம் அவ்வளவு பிடிக்கலாம். ஆனால் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதங்கள்தான். அதற்குப் பிறகு அந்த டிகிரிக்காக அவர் சம்பளத்தை மறுபடி தொடவே முடியாது. ஆக, அதிகபட்சம் 3,12,000 ரூபாய். மில் நிர்வாகம் உத்தரவை வாங்கி வைத்துக்கொண்டு முழுச் சம்பளத்தையும் அவருக்கே கொடுத்தால், அந்தத் தொகைக்கு நிர்வாகம்தான் பொறுப்பு. இதை நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கணக்குப் பிரிவு சுறுசுறுப்பாகிவிடும். பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் ஜப்தி செய்ய முடியாது, அதில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

சம்பளத்தில் முழுக் கடனும் அடையாது என்பதால் வீட்டையும் சேர்த்தே பிடியுங்கள். குடியிருக்கும் வீட்டைத் தொட முடியாது என்பது பாதி உண்மை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு காப்பாற்றுவது விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் வீட்டை. மில் சூப்பர்வைசர் "நானும் கூலித் தொழிலாளிதான்" என்று வாதாடிப் பார்க்கலாம். வேலையின் தன்மையையும் சம்பளத்தையும் காட்டினால் எடுபடுவது கஷ்டம். பண்டபாத்திரம், உடுப்பு, படுக்கை, தாலி இவையும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. சட்டம் எழுதியவர்களுக்கு அந்த இங்கிதம் இருந்திருக்கிறது.

வீட்டை ஏலம் விடும்வரை போவது அபூர்வம், போனால் நாளாகும். ஆனால் ஜப்தி ஆன நிமிடத்திலிருந்து உங்கள் கை ஓங்கிவிடும். அதன் பிறகு அவர் வீட்டை விற்றாலும் எழுதிக்கொடுத்தாலும், 64-ஆவது பிரிவின்படி உங்கள் டிகிரியைப் பொறுத்தவரை அது செல்லாது. உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய் வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால், அதைப் பார்த்தபின் எந்த வங்கியும் அந்த வீட்டின் மேல் கடன் கொடுக்க யோசிக்கும். வக்கீல் நோட்டீஸுக்கு வராத பலர், வில்லங்கத்தில் ஜப்தி ஏறியதும் தேடி வருவார்கள்.

மனைவிக்கு எழுதிய மனைக்கு நீங்கள் தனி வழக்குப் போட்டு அலைய வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். டிகிரிக்குப் பிறகு, பைசா வாங்காமல், மனைவிக்கே எழுதிய செட்டில்மெண்ட், கடன் கொடுத்தவரை ஏமாற்றத்தான் என்று காட்டுவது அவ்வளவு கடினம் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. மனையையும் ஜப்தி மனுவில் சேருங்கள். அந்த அம்மா "இது என் சொத்து" என்று ஆட்சேபம் போடட்டும். அதை இ.பி. நடக்கும் கோர்ட்டே விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அங்கே உங்கள் பதிலாக 53-ஐ வையுங்கள். வழக்குப் போடும் சுமை உங்கள் தலையில் விழாது.

"அரெஸ்ட் இ.பி. போட்டால் ஓடி வந்து கொடுப்பார்" என்பார்கள். நம் ஊரில் பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பணம் இல்லை என்பதற்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்க மறுத்தார் என்று காட்ட வேண்டும் என்று 1980-இல் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் வழக்கில் சம்பளமும் செட்டில்மெண்டும் அதற்குச் சாட்சியாகும், அதனால் மனு நிற்கும். ஆனால் சிறைக் காலம் அதிகபட்சம் மூன்று மாதம், அதுவரை அவருடைய சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். உள்ளே போய் வந்தாலும் கடன் அப்படியே நிற்கும், ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது செய்ய முடியாது. கடைசியில் எடுக்க வேண்டிய சீட்டு அது.

ஜப்தி உத்தரவு போனதும் அவர் என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எனக்கு வழக்கே தெரியாது" என்று எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்ய மனுப் போடுவார். அதற்கான 30 நாள் எப்போதோ முடிந்துவிட்டதால் தாமதத்தை மன்னிக்கவும் ஒரு மனு சேர்ந்து வரும். மனுப் போட்டதாலேயே இ.பி. நின்றுவிடாது, தனியாகத் தடை வாங்க வேண்டும். சம்மனில் அவர் போட்ட கையெழுத்தைக் கோர்ட்டு வழக்குக் கட்டிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். டிகிரிக்குப் பிறகு 50,000 கட்டியதும் உங்களுக்கே சாதகம், வழக்கே தெரியாதவர் எதற்குக் கட்டினார்? அப்படியும் தடை கொடுப்பதானால், ஒரு பகுதித் தொகையை கோர்ட்டில் கட்ட நிபந்தனை போடச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த 50,000-ஐ இ.பி.யில் மறைக்காமல் வரவு வைத்துவிடுங்கள். மறைத்தால் வங்கிக் கணக்கே உங்களைக் காட்டிக்கொடுக்கும். டிகிரியில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், வழக்குச் செலவுத் தொகைக்கும் வட்டிக்கும் போக மீதிதான் அசலில் கழியும். அதனால் அசல் உடனே 3,50,000 ஆகிவிட்டது என்று அவர் போடும் கணக்கை ஏற்காதீர்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். இ.பி.க்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2025-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அதை மறுபடி வலியுறுத்தியது. நடைமுறையில் ஆறு மாதத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம். வாய்தா இழுக்கும்போது உங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்புகளைக் காட்டிக் கேட்கலாம்.

நடுவில் தவணை கேட்டு வந்தால் மறுக்க வேண்டியதில்லை, ஆனால் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசாதீர்கள். எந்தத் தேதிக்கு எவ்வளவு, ஒரு தவணை தவறினால் மீதி மொத்தமும் உடனே வசூல் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். கடைசித் தவணை கைக்கு வரும்வரை ஜப்தியை நீக்கச் சம்மதிக்காதீர்கள்.