சிசா, சிசம், கிரிஸ்க்: எதை முதலில் எழுதலாம்?

கொழிஞ்சாம்பாறையில் வீடு, வேலந்தாவளம் தாண்டி கோவையில் உள்தணிக்கை வேலை, மூன்று வருட அனுபவம். சிசா (CISA), சிசம் (CISM), கிரிஸ்க் (CRISC) மூன்றில் எந்தச் சான்றிதழை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் சிசா எழுதுங்கள். மூன்றையும் தருவது ஐசாக்கா (ISACA) அமைப்புதான். சிசா தகவல் அமைப்புத் தணிக்கைக்கு, சிசம் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு, கிரிஸ்க் இடர் மேலாண்மைக்கு. குழுவை நடத்தும் பொறுப்பு வந்த பிறகு சிசம் பற்றி யோசித்தால் போதும்.

சிசாவில் 4 மணி நேரத்தில் 150 கேள்விகள். 200 முதல் 800 வரையான அளவுகோலில் 450 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் தேர்ச்சி பெற்றதுமே சான்றிதழ் வந்துவிடாது (சில பயிற்சி மைய விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை). 5 வருட அனுபவம் காட்ட வேண்டும். படிப்பு முதலியவற்றுக்காக அதிகபட்சம் 3 வருடம் கழித்துக்கொள்வார்கள். தேர்ச்சி பெற்ற 5 வருடத்துக்குள் விண்ணப்பித்தால் சரி. அதனால் இப்போதே எழுதலாம்.

கணினி தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறது, தணிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். கை பரபரக்கும், உடனே முடக்கத் தோன்றும். அது தணிக்கையாளர் வேலையல்ல. ஆதாரம் திரட்டி, பாதிப்பை அளந்து, நிர்வாகத்திடம் சொல்வதோடு அவர் நிற்க வேண்டும். நான்கு விடைகளுமே சரிபோலத் தெரியும். எது முதலில் என்பதுதான் கேள்வி.

தமிழிலோ மலையாளத்திலோ தேர்வு கிடையாது. ஆங்கில மாதிரிக் கேள்விகளை நிறையப் போட்டுப் பாருங்கள்.